கிழவன் புறா இன்னும் அப்பா ஆவுது, பெட்டை மட்டும் ஏன் நிறுத்திடுச்சு?

வாசகர் கேள்வி: டாக்டரம்மா, வணக்கம். நான் வியாசர்பாடிலேர்ந்து எழுதறேன். சின்ன வயசுலேர்ந்தே மொட்டை மாடில புறா வளக்குறேன், ஹோமரும் இருக்குது, கர்ணப் புறாவும் இருக்குது. அதுல ஒரு பழைய ஜோடி, ஆணுக்கு 12 வயசு, பெட்டைக்கு 10 வயசு. பெட்டை ஒரு வருஷத்துக்கு மேலாச்சு முட்டையே வெக்கல, அதுக்கு முன்ன வெச்சதும் கூமுட்டைதான். சரி ஆணுக்கு வயசாயிடுச்சுன்னு நெனச்சு அத்த ஒரு 2 வயசு பெட்டையோட ஜோடி போட்டேன், மொத ஈடுலயே ரெண்டு குஞ்சு. கிழவனுக்கு ஒண்ணும் ஆவல, கிழவிக்கு மட்டும் ஏன் இப்பிடி? கடைக்காரர் ஹார்மோன் ஊசி போட்டா திரும்ப வெக்கும்ங்குறாரு, மீனுக்கே ஊசி போட்டு முட்டை எடுக்குறாங்க புறாவுக்கு என்னாங்குறாரு. 12வது படிக்கிற என் பையன் வேற, ஒரு செல்லுலேர்ந்து நாலு விந்து வரும் ஆனா ஒரே ஒரு முட்டைதான் வரும், மிச்சம் மூணும் வேஸ்ட்டுன்னு புக்குல இருக்குதுன்னு காட்டுறான். ஏன் வேஸ்ட் பண்ணணும்? அந்தப் பெட்டை கடைசியா போட்ட குஞ்சுங்க எல்லாம் பெட்டையாவே இருந்துச்சு, அது ஆணோட கோளாறா? மனுஷங்களுக்கும் இதே கணக்குதானான்னு வீட்ல கேக்குறாங்க.

பதில்: அண்ணே, மொதல்ல ஊசி வேணாம். கடைக்காரர் குடுத்தா கூட வாங்கி வெச்சிக்காதீங்க. ஏன் வேணாம்ங்குறத கடைசில சொல்றேன், ஏன்னா நீங்க கேட்ட மத்த கேள்விங்க புரிஞ்சிடுச்சுன்னா ஊசி ஏன் வேலை செய்யாதுன்னு நீங்களே கடைக்காரருக்கு சொல்லிடுவீங்க.

கிழவன் எப்பிடி இன்னும் அப்பா ஆவுதுன்னு பாப்போம். ஆண் புறாவோட விதை ரெண்டும் வயித்துக்குள்ள, முதுகெலும்பை ஒட்டி, கிட்னி பக்கத்துல இருக்கும், வெளிய தெரியாது. அதுக்குள்ள நூல் மாதிரி குழாய் குழாயா சுருண்டு கெடக்கும், அந்தக் குழாயோட சுவத்துல ஒட்டிக்கினு இருக்குற செல்லுங்கதான் மூலதனம். நம்ம வீட்ல தயிருக்கு உறை ஊத்துறோம் பாருங்க, இன்னைக்கு தயிரை முழுசா காலி பண்ணாம ஒரு கரண்டி எடுத்து வெச்சி நாளைக்கு பாலுக்கு ஊத்துவோம், அதே ஏற்பாடுதான் இங்கயும். அந்த செல்லு ரெண்டா பிரியும்போது ஒண்ணு விந்தாவுற வழில போயிடும், இன்னொண்ணு அதே எடத்துல உறையா நின்னுடும், அது மறுபடியும் பிரியும். அதனால இருப்பு தீர்றதே இல்ல. வயசானா வேகம் கொறையும், தரம் கொறையும், நீந்தாத விந்து நெறைய வரும், ஆனா பட்டுனு ஒரு நாள்ல கடை சாத்துற மாதிரி நிக்காது. உங்க 12 வயசுக்காரர் அதான் இன்னும் கெத்தா கழுத்தை உப்பிக்கினு சுத்துறாரு.

பெட்டைக்கு கதையே வேற. பெட்டைப் புறாவுக்கு, கோழிக்கும் இதேதான், இடது பக்க ஓவரி மட்டும்தான் வேலை செய்யும், வலது பக்கம் கருவுலயே வளர்ச்சி நின்னுடும். அந்த ஒரு ஓவரில முட்டையாவப் போற செல்லுங்க எல்லாமே, அது முட்டைக்குள்ள குஞ்சா இருக்கும்போதே பிரிஞ்சு பெருகி முடிச்சிடும். கோழிக்குஞ்சு ஓட்டை ஒடச்சிக்கினு வெளிய வரும்போதே அதுக்குள்ள லட்சக்கணக்குல முட்டை செல் இருக்குது, அதுக்கப்புறம் புதுசா பெருகுற வேலை கெடையாது. அதுல மிகப் பெரும்பாலானது வளராமயே அழிஞ்சு போயிடும், கோழி ஆயுசு முழுக்க வெக்கிறது சில நூறு முட்டைதான். உங்க பெட்டை நேத்து வெச்ச முட்டைன்னு ஒண்ணு இருந்தா அதோட செல்லு நேத்து உருவானது இல்ல, பத்து வருஷம் முன்னாடி, அது கண்ணு தொறக்குறதுக்கு முன்னாடியே உருவானது. ஆணோட விந்தோ போன மாசம் இல்லாத சரக்கு.

அதுக்குன்னு இருப்பு சுத்தமா தீர்ந்துதான் உங்க பெட்டை நிறுத்திச்சுன்னும் நெனச்சிக்காதீங்க. வயசான பறவைங்க ஓவரில மிச்ச செல்லுங்க இருந்தும் முட்டை வராம நிக்கிறது உண்டு. ஏன்னா முட்டை வெக்கிறதுங்குறது அந்த ஒரு செல்லோட வேலை மட்டும் இல்ல. மஞ்சக்கரு எங்கேர்ந்து வருதுன்னு நெனக்கிறீங்க? ஈரல்லேர்ந்து. ஈரல் அந்தக் கொழுப்பையும் புரோட்டீனையும் செஞ்சு ரத்தத்துல விட, ரத்தம் அத்த ஓவரிக்கு கொண்டாந்து சேக்க, கடுகு சைசு கூட இல்லாத செல்லு கொஞ்ச நாள்லயே மஞ்சக்கரு சைசுக்கு உப்பிடும். நீங்க ஆம்லெட் போடும்போது ஒடைக்கிற மஞ்சக்கரு மொத்தமும் ஒரே ஒரு செல்லுண்ணே, இத்த நான் சொன்னா நெறைய பேர் நம்ப மாட்டேங்குறாங்க. அதோட மேல ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும் பாருங்க, பையனோட புக்குல இருக்குற குரோமோசோம், அதான் பரம்பரைக் குணத்த சுமக்குற நூலுங்க, பூரா அந்தப் புள்ளிலதான் இருக்குது. மிச்சம் எல்லாம் குஞ்சுக்கு கட்டுச்சோறு. வயசானா மூளைலேர்ந்து வர்ற ஹார்மோன் கொறையும், ஈரல் சோம்பும், கால்சியம் பத்தாது, கட்டுச்சோறு கட்ட ஆளில்லாம அந்த செல்லு அப்பிடியே உக்காந்துக்கும்.

இப்ப பையனோட நாலுக்கு ஒண்ணு கணக்கு. பையன் சொன்னது சரிதான், ஆனா வேஸ்ட்டுங்குற பேச்ச நான் ஒத்துக்க மாட்டேன். ஒரு செல்லுல அப்பா குடுத்த செட்டு ஒண்ணு, அம்மா குடுத்த செட்டு ஒண்ணுன்னு குரோமோசோம் ரெட்டையா இருக்கும். புள்ளைக்கு ஒத்தை செட்டுதான் தரணும், இல்லன்னா ஒவ்வொரு தலைமுறைக்கும் அது ரெட்டிப்பாயிக்கினே போயிடும். அதனால மியாசிஸ்னு ஒரு பிரிவு நடக்குது. செல்லு மொதல்ல எல்லாத்தையும் ஒரு காப்பி எடுத்துக்கும், அப்புறம் ரெண்டு தடவ பிரியும், ஆக கணக்குப்படி நாலு பங்கு. இது வரைக்கும் ஆணுக்கும் பெட்டைக்கும் ஒரே கணக்குதான், வித்தியாசம் பங்கு போடுறதுலதான். விதைக்குள்ள நாலு பேருக்கும் சரிசமமா பங்கு, நாலும் வால் மொளச்சு விந்தாயிடும். அதுலயும் பாருங்க, வால் மொளைக்கிற கட்டத்துல அந்த செல்லு தன்கிட்ட இருக்குற நீர்ச்சத்து, சாப்பாடு எல்லாத்தையும் கழட்டி விட்டுடும், பக்கத்துல தாங்கிக்கினு நிக்கிற செர்டோலி செல்லு அத்த முழுங்கிடும். கடைசில விந்துல மிஞ்சுறது இறுக்கி மடிச்ச குரோமோசோம், முட்டையோட தோலை ஓட்டை போட கொஞ்சம் சரக்கு, நடுவுல கரண்டு குடுக்க மைட்டோகாண்ட்ரியா, ஒரு வாலு, அவ்ளோதான்.

ஓவரில இந்த சமபங்கு வேலைக்காவாது. ஒரு மஞ்சக்கருவை நாலா பிரிச்சா நாலு குஞ்சும் அரை வயித்தோட செத்துடும். அதனால குரோமோசோமை மட்டும் நேர்மையா பாதி பண்ணி, ஒரு பாதிய துளியூண்டு பொட்டலமா கட்டி ஓரமா தள்ளிடும், சாப்பாடு மொத்தத்தையும் இன்னொரு பாதியே வெச்சிக்கும். அந்த துளியூண்டுதான் போலார் பாடி. ரெண்டாவது பிரிவுலயும் அதே மாதிரி ஒண்ணு தள்ளும். மொதல்ல தள்ளுனது சில சமயம் தானும் ஒரு தடவ பிரியும், பல சமயம் பிரியாது, அதனால புக்குல மூணுன்னு போட்டிருந்தாலும் நெசத்துல பாதி நேரம் ரெண்டுதான். பையன் பரீட்சைல மூணுன்னே எழுதட்டும், மார்க்கு போயிடப் போவுது.

பழ ஈ இந்த விஷயத்துல நம்ம எல்லாருக்கும் மேல, சொல்லாம இருக்க முடியல. அதுங்க ஓவரில ஒரு செல்லு நாலு தடவ பிரிஞ்சு 16 ஆவும், பதினாறும் ஒண்ணோட ஒண்ணு சின்னச் சின்னக் குழாய்ல ஒட்டிக்கினே இருக்கும், அதுல ஒண்ணே ஒண்ணுதான் முட்டை. மிச்ச 15ம் அதுக்கு ஆயா வேலை பாக்கும், தன்கிட்ட இருக்குறத எல்லாம் குழாய் வழியா அதுக்கே ஊத்திட்டு செத்துப் போயிடும். முட்டை பக்கம்னாலே எல்லா ஜீவனும் ஒருத்தருக்காக நாலு பேரை காவு குடுக்குது, வழிதான் வேற வேற.

பெட்டைக்குஞ்சு கேள்விக்கும் பதில் அந்தப் போலார் பாடிலயே இருக்குது. மனுஷன்ல ஆம்பளைக்கு எக்ஸ் ஒண்ணு ஒய் ஒண்ணு, பொம்பளைக்கு ரெண்டும் எக்ஸ், அதனால ஆணா பொண்ணான்னு தீர்மானிக்கிறது விந்து. பறவைல அப்பிடியே தலைகீழ். ஆணுக்கு ரெண்டும் இசட், பெட்டைக்குத்தான் இசட் ஒண்ணு டபிள்யூ ஒண்ணு. முட்டைக்குள்ள மொத பிரிவு நடக்குறப்ப இசட் உள்ள நின்னு டபிள்யூ போலார் பாடில போச்சுன்னா ஆண் குஞ்சு, டபிள்யூ நின்னு இசட் போச்சுன்னா பெட்டைக்குஞ்சு. பெட்டையோட ஓவரில நடக்குற டாஸ் அது, உங்க கிழவனுக்கு இதுல ஒரு பங்கும் இல்ல, பாவம் அவரை திட்டாதீங்க. வரிசையா நாலஞ்சு பெட்டையா வர்றது டாஸ்ல நாலஞ்சு தடவ ஒரே பக்கம் விழுற மாதிரி சகஜம்தான். வீட்ல மருமகளை ஆம்பளப் புள்ள பெத்துக் குடுக்கலன்னு பேசுற ஆளுங்க யாராவது இருந்தா, புறாவா பொறந்திருந்தா உன் பேச்சுல ஒரு ஞாயம் இருக்கும்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க.

நேரம் விஷயத்துலயும் ரெண்டு பேருக்கும் ஏணி வெச்சாலும் எட்டாது. விந்து செய்யுற வேலை ஆரம்பிச்சா நிக்காம ஓடி முடியும், சேவக்கோழில சுமார் ரெண்டு வாரம், சுண்டெலில 35 நாள், கெடால 47 நாள், காளைல 61 நாள், மனுஷன்ல 64 நாள். வெளிய வர்ற குழாய்ல பழுக்குற நாள் இதுக்கு மேல தனி. இந்தக் கணக்கு உங்களுக்கு நேரடியா உதவும், பின்னால சொல்றேன். முட்டையோ நடுவழில நின்னுடும். மியாசிஸ் ஆரம்பிச்சு, குரோமோசோம் ஜோடி சேர்ந்து, அங்கங்க துண்டு மாத்திக்கினு, அதோட ஸ்டாப். பறவை, ஆடு, மாடு, மனுஷி எல்லாருக்கும் மொத பிரிவோட ஆரம்பத்துலயே நின்னு வருஷக்கணக்குல காத்திருக்கும். முட்டை ஓவரிய விட்டு வெளிய வர சில மணி நேரத்துக்கு முன்னாடிதான் ஹார்மோன் ஏறி எழுப்பும், மொத போலார் பாடி போவும், ரெண்டாவது பிரிவுல பாதில மறுபடி நிக்கும், விந்து உள்ள நுழைஞ்சாத்தான் அது முடியும். விந்து வரலன்னா கடைசி வரைக்கும் முடிக்காமயே செத்துப் போவும். நம்ம கடைல வாங்குற கோழிப் பண்ணை முட்டை பூரா அந்தக் கேசுதான்.

இதுலயும் எல்லா ஜீவனுக்கும் ஒரே சட்டம் கெடையாது. கடல் முள்ளெலின்னு முள்ளு உருண்டை மாதிரி ஒரு கடல் ஜீவன், அது ரெண்டு பிரிவையும் முழுசா முடிச்சிட்டுத்தான் விந்துக்கு காத்திருக்கும், 1876ல ஆஸ்கர் ஹெர்ட்விக்ங்குற ஜெர்மன் விஞ்ஞானி அதுங்க முட்டைய வெச்சித்தான் விந்தோட உட்கருவும் முட்டையோட உட்கருவும் ஒண்ணா சேர்றத காட்டினாரு. நாய் நேர் எதிர், மொத பிரிவைக் கூட முடிக்காத பச்சை முட்டைய வெளிய விட்டுடும், அது குழாய்க்குள்ள வந்து ரெண்டு மூணு நாள் பழுத்தாத்தான் விந்து சேரும். நாய் இனச்சேர்க்கைக்கு தேதி குறிக்கச் சொல்லி கிளினிக்குக்கு வர்றவங்க பாதி பேரு தேதி தப்பா நெனச்சிக்கினு வர்றதுக்கு இதான் காரணம். காசிமேட்ல நீங்க வாங்குற நண்டு, இறால் இருக்குதே, அதுங்க விந்துக்கு வாலே கெடையாது, நீந்தவே நீந்தாது. ஆண் அத்த பையில கட்டி பெட்டைக்கிட்ட ஒட்டி வெச்சிட்டுப் போயிடும். பறவைல இன்னொரு விநோதம், மனுஷில ஒரு விந்து நுழைஞ்ச உடனே கதவு சாத்திடும், ரெண்டு நுழைஞ்சா கரு வீணாப் போவும். புறா முட்டைல ஒரே நேரத்துல பல விந்து நுழையும், ஒண்ணுதான் சேரும், மிச்சம் எல்லாம் ஓரமா கரைஞ்சிடும், குஞ்சுக்கு ஒண்ணும் ஆவாது.

வயசான பெட்டைன்னாலே இப்பிடித்தானான்னு கேட்டா, இல்லண்ணே. மீன் வேற கட்சி. நெறைய மீனுக்கும் தவளைக்கும் ஓவரில கூட அந்த உறை செல்லு வயசான பிறகும் இருக்குது, சீசன் சீசனுக்கு புது முட்டை செல்லு செஞ்சிக்கும். அதான் சினை காலி பண்ண மீன் அடுத்த வருஷம் மறுபடி வயிறு நெறைய சினையோட வருது. இன்னும் சொல்லப்போனா பல இனத்துல மீன் பெருசாவ பெருசாவ சினை கூடிக்கினே போவும், பெரிய கிழட்டுப் பெட்டை ஒண்ணு சின்னது பலது சேந்து போடுறத போட்டுடும். நம்ம பக்கம் ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போவாம நிக்கிறது மீன் முட்டை போடட்டும்னுதான். அந்த மாதிரி பெரிய பெட்டை தப்பிச்சா அடுத்த சீசன்ல நமக்குத்தான் லாபம். புக்குல விலங்குகள்னு பொதுவா போட்டுட்டு படம் மட்டும் மனுஷியோடத போட்டிருப்பாங்க, அதப் பாத்து எல்லா பெட்டையும் பொறக்கும்போதே இருப்போட பொறக்குதுன்னு பையன் நெனச்சிடக் கூடாது.

இப்ப கடைக்காரர் ஊசிக்கு வர்றேன். மீனுக்குப் போடுற ஊசி நெசம்தான். 1957ல ஒடிசால ஹீராலால் சௌத்ரிங்குறவர் கெண்டை வகைக்கு மூளைக்கு அடில இருக்குற பிட்யூட்டரி சுரப்பிய அரைச்சு ஊசி போட்டு முட்டை போட வெச்சாரு, அந்த ஜூலை 10ஐத்தான் நாட்டுல மீன் விவசாயிங்க தினம்னு வெச்சிருக்காங்க. ஆனா அந்த ஊசி என்னா பண்ணுது? வயிறு நெறைய வளந்து முடிஞ்ச முட்டைய வெச்சிக்கினு, ஆத்து வெள்ளம் வராததால கடைசிப் படில நின்னுக்கினு இருக்குற மீனை அந்த ஒரு படி தாண்ட வெக்குது. நான் மேல சொன்ன அந்த ஸ்டாப்பை எடுத்து விடுது, அவ்ளோதான். புது முட்டை செல்லையும் அது செய்யாது, மஞ்சக்கருவையும் ஏத்தாது. கொளத்தூர்ல கலர் மீன் பண்ணைல கூட வயிறு பாத்து, தயாரான மீனுக்குத்தான் போடுவாங்க. உங்க பெட்டை வயித்துல தயாரா முட்டை இல்லன்னா ஊசி எதை தள்ளும்? தப்பித்தவறி பாதி வளந்த ஒண்ணு இருந்து அத்த தள்ளிட்டா, ஓடு சரியா கட்டாம குழாய்ல மாட்டிக்கினு பெட்டை செத்தே போவும். பத்து வயசு ஒடம்பு அதைத் தாங்காது.

வீட்ல கேட்டாங்கன்னீங்க, மனுஷங்களுக்கு என்னான்னு. நான் மாட்டு டாக்டர், இருந்தாலும் கணக்கு தெரிஞ்சத சொல்றேன். பொம்பளப் புள்ள அம்மா வயித்துல அஞ்சு மாசமா இருக்கும்போது அதோட ஓவரில 60, 70 லட்சம் முட்டை செல்லு, பொறக்கும்போது 10லேர்ந்து 20 லட்சம், வயசுக்கு வர்றப்ப 3, 4 லட்சம், ஆயுசுல வெளிய வர்றது நானூறு சொச்சம். நாப்பது வயசுல வர்ற முட்டை நாப்பது வருஷத்துக்கும் மேல அந்தப் பாதி வழில நின்னது. குரோமோசோமை ஒட்டிப் புடிச்சிக்கினு இருக்குற பசை அத்தனை வருஷத்துல தளரும், பிரியும்போது ஒண்ணு கூடவோ கொறையவோ போயிடும், டவுன் சிண்ட்ரோம் அம்மா வயசோட கூடுறதுக்கு அதான் முக்கிய காரணம். இத்தப் படிச்சிட்டு ஆம்பளைங்க மீசைய முறுக்க வேணாம். அவங்க உறை செல்லு வருஷத்துக்கு சுமார் 23 தடவ பிரியுது, ஒவ்வொரு தடவ காப்பி எடுக்கும்போதும் எங்கயாவது ஒரு எழுத்துப்பிழை விழலாம். ஐஸ்லாந்துல குடும்பம் குடும்பமா மரபணு படிச்சு 2012ல போட்ட ஆராய்ச்சில அப்பாவோட வயசு ஒவ்வொரு வருஷம் கூடுறதுக்கும் புள்ளைக்கு சுமார் ரெண்டு புதுப் பிழை கூடுதுன்னு வந்துச்சு. பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது, ஆனா பரம்பரைல யாருக்குமே இல்லாம திடீர்னு வர்ற சில வகை குள்ள வளர்ச்சி அப்பா வயசோட சேந்து கூடுறது தெரிஞ்ச விஷயம். அதனால கொழந்த தங்கலன்னா ரெண்டு பேரும்தான் டெஸ்ட் எடுக்கணும், அவங்களை மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைய வுடுறது அநியாயம்.

சரி, உங்க மாடிக்கு வருவோம். பெட்டை நிறுத்துனதுக்கு வயசுதான் காரணம்னு கடிதத்தப் படிச்சு மட்டும் நான் முத்திரை குத்த மாட்டேன். நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்திக்கினு இருக்குதான்னு தடவிப் பாருங்க, எச்சம் பச்சையா தண்ணியா போவுதா, ரெக்கையோ காலோ மூட்டு வீங்கியிருக்குதான்னு பாருங்க. சால்மொனெல்லா கிருமி புறாவுக்கு ஓவரிலயும் விதைலயும் போய் உக்காரும், அப்பிடி இருந்தா அந்தப் பெட்டை சும்மா கிழவி இல்ல, மத்ததுக்கும் பரப்பும், நீங்க அதே ஆண இளசோட போட்டிருக்கீங்க வேற. எச்சத்த சுத்தமான டப்பால எடுத்துக்கினு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஒரு காலைல போயிட்டு வந்துடுங்க, பெட்டையவும் கூட எடுத்துக்கினு போங்க, வயித்துல ஏதாவது மாட்டியிருக்குதான்னு எக்ஸ்ரேல தெரிஞ்சிடும். ரிசல்ட் வராம ஆன்டிபயாடிக் தண்ணில கலக்காதீங்க, நம்ம ஏரியால அது ஒரு பழக்கமாவே போச்சு.

கூமுட்டைன்னு நீங்க சொல்றதும் ரெண்டு வகைண்ணே. அடுத்த தடவ எந்த ஜோடியா இருந்தாலும் அடை உக்காந்து அஞ்சாறு நாள்ல, ராத்திரி செல்போன் டார்ச்சை முட்டைக்குப் பின்னால வெச்சிப் பாருங்க. செலந்தி வலை மாதிரி செவப்பு நரம்பு ஓடுனா உயிர் இருக்குது. ஒண்ணுமே இல்லாம தெளிவா இருந்தா பெரும்பாலும் விந்து சேரல, அது ஆண் பக்கமா இருக்கலாம், ஜோடி சரியா சேராததா இருக்கலாம். நரம்பு இல்லாம ஒரு செவப்பு வளையம் மட்டும் இருந்தா விந்து சேந்து குஞ்சு ஆரம்பிச்சு செத்திருக்குது, அங்க விந்து சேரலன்னு ஆணை குத்தம் சொல்ல முடியாது. வழக்கமா ரெண்டு வெக்கிற கூண்டுல நாலு முட்டை இருந்து நாலும் தெளிவா இருந்தா சிரிச்சிக்கினே எடுத்துடுங்க, நீங்க ஜோடின்னு போட்டது ரெண்டும் பெட்டை.

கூண்டு தகர ஷீட்டுன்னா மே மாசத்துக்குள்ள மேல தென்னங்கீத்து போடுங்க. பறவைக்கு விதை உள்ளயே இருந்து 41 டிகிரி சூட்டுல விந்து செய்யப் பழகுனதுதான், ஆனா அதுக்கு மேல ஏறுனா அதுங்களுக்கும் விந்து கெடும், வியாசர்பாடி மத்தியான தகரத்துக்கு கீழ சொல்லவே வேணாம். சூடு கொறைஞ்ச மறுநாளே பலன் பாக்காதீங்க, கெட்டுப் போன சரக்கு காலியாவி புது சரக்கு வர மேல சொன்ன ரெண்டு வாரக் கணக்கு இருக்குது, ஒரு மாசம் விட்டு அடுத்த ஈடுல பாருங்க.

டெஸ்ட்ல பெட்டைக்கு நோய் இல்லன்னு வந்துட்டா அத்த இளசுங்களோட தனியா ஒரு கூண்டுல விட்டுடுங்க, கிளிஞ்சல் தூளும் கொஞ்சம் வெயிலும் குடுங்க. ஒரு தடவ வேணா இன்னொரு ஜோடியோட முட்டைய அதுக்கு வெச்சிப் பாருங்க, சில கிழப் பெட்டை ஆசையா உக்காரும், ஆனா குஞ்சுக்குக் குடுக்க கழுத்துப் பைல புறாப் பால் சுரக்குதான்னு கவனிக்கணும், இரைப்பை காலியா குஞ்சு கத்துனா ஒடனே அதோட அம்மாக்கிட்டயே மாத்திடணும். உக்காரலன்னா வற்புறுத்தாதீங்க. பையனை ஒரு நாள் அந்த எக்ஸ்ரே பாக்க கூட்டிக்கினு போங்க, ஒத்தை ஓவரி விஷயம் அங்க டாக்டர்கிட்ட கேட்டா காட்டுவாங்க. ரிசல்ட்டு வந்ததும் எழுதுங்கண்ணே, சால்மொனெல்லான்னு வந்தா கூண்டு மொத்தத்துக்கும் என்னா பண்ணணும்னு அப்ப சொல்றேன்.